தாயின் இரத்தத்தை மீட்ட லூஸி வில்ஸ்

காலாப்பட்டில் கர்ப்பிணிப் பெண்கள் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் நாளில் அவர்கள் கையிலுள்ள பையைப் பாருங்கள். அதில் ஒரு சிவப்பு மாத்திரை அட்டை இருக்கும். மீன் கூடை சுமக்கும் பெண்ணிடமும் இருக்கும். தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் பெண்ணிடமும் இருக்கும். கட்டட வேலையில் கல் சுமக்கும் பெண்ணிடமும் இருக்கும். இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆஸிடும் சேர்ந்த மாத்திரை அது. வாங்கி வருகிறவர்கள் பலர். தவறாமல் விழுங்குகிறவர்கள் சிலர். வாய் கசக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று பரண்மீது போட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது நம் வீட்டுப் பரணுக்குத்தான் தெரியும்.

சும்மா கொடுக்கிறார்கள் என்பதால் அது சும்மா வந்த மாத்திரை ஆகிவிடுமா? அதன் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது நம் நாட்டுப் பஞ்சாலைப் பெண்களின் இரத்தத்திலிருந்து தொடங்கிய சரித்திரம். அதைக் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. லூஸி வில்ஸ் என்பது அவர் பெயர். மருத்துவ உலகம் அவரை நன்கு அறியும். தொழிலாளி வர்க்கமும் அறிய வேண்டாமா?

அரிவாள் செய்த குடும்பம்

1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே லூஸி பிறந்தார். வசதியான குடும்பம். அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அரிவாளைப் பிடித்தவர்கள் வீட்டில் அல்ல, அரிவாள் செய்யும் முதலாளி வீட்டில் பிறந்தவர்தான் அவர். ஆனாலும் ஒரு மனிதரைப் பிறந்த வீட்டை வைத்து எடை போடக் கூடாது. யாருக்காக உழைத்தார் என்பதை வைத்தே எடை போட வேண்டும்.

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று இங்கிலாந்திலும் கேட்ட காலம் அது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று இருந்த நியூன்ஹாம் கல்லூரியில் தாவர இயலும் நில இயலும் படித்து, 1911-இல் படிப்பை முடித்தார். தேர்வு எழுதலாம், தேறலாம், ஆனால் பட்டம் கிடையாது! பெண் என்ற ஒரே குற்றத்துக்காக இந்தத் தண்டனை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1948 வரை மனம் வரவில்லை. நாகரிகத்தை நமக்குக் கற்றுக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக் கொண்டவர்களின் வீட்டு லட்சணம் இது.

தந்தை 1911-இல் காலமானார். அருமை அக்காள் 1913-இல் காலமானார். துக்கத்தோடு தாயும் மகளும் இலங்கைக்குப் பயணம் வந்தார்கள். அடுத்த ஆண்டு லூஸி தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலக யுத்தம் மூண்டது. கேப் டவுன் நகரத்தில் சில வாரங்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மருத்துவம் படிப்பது என்று முடிவு செய்து ஊர் திரும்பினார். 1915-இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920-இல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32. மருந்துக் கடையைப்போல் ஒரு வைத்தியசாலை திறந்து பணம் சேர்க்க அவர் எண்ணவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில், கர்ப்பிணியின் உடலில் என்ன நடக்கிறது என்பதை ஆராய உட்கார்ந்துவிட்டார்.

வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு

1928. பம்பாய் மில் தொழிலாளர் சரித்திரத்தில் மறக்க முடியாத ஆண்டு. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆலைகளை நிறுத்திப் போராடினார்கள். கிர்ணி காம்கார் சங்கம் அந்தப் போராட்டத்தில்தான் எழுந்தது. அதே ஆண்டில் பம்பாய் சட்டசபையில், பிரசவ காலத்தில் ஆலைப் பெண்ணுக்கு ஓய்வும் உதவிப் பணமும் வேண்டும் என்ற மசோதா வந்தது. டாக்டர் அம்பேத்கர் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் அதே போன்ற சட்டம் வர 1934 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த 1928-இல்தான் லூஸி வில்ஸ் இந்தியாவில் வேலையைத் தொடங்கினார். பிரசவத்தில் தாய்மார் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று ஆராயும் விசாரணை பம்பாய் ஹாப்கின் நிலையத்தில் நடந்துகொண்டிருந்தது. அதில் முன்னின்ற டாக்டர் மார்கரெட் பால்போர் அம்மையார் அவரை அழைத்திருந்தார்.

வந்தவர் கண்ட காட்சி என்ன? ஆலையில் நூல் நூற்கும் பெண்கள், கர்ப்பம் முதிர முதிர வெளுத்துப் போனார்கள். மூச்சு வாங்கிற்று. கால் வீங்கிற்று. பலர் பிரசவத்தோடு மாண்டார்கள். சிலர் பிரசவத்துக்கு முன்பே மாண்டார்கள். அவர்கள் இரத்தத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. சாதாரண இரத்த சோகையில், இரும்புச் சத்துக் குறைவதால், இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். இந்தப் பெண்களிடமோ சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. எண்ணெய் இல்லாத விளக்கின் திரி பெரிதாக இருந்து என்ன பயன்? அதுபோல் பெருத்தும் பயனற்ற அணுக்கள்.

கிருமியா காரணம்? அவர் தேடினார். கிருமியைக் குற்றவாளியாக நிறுத்தச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுந்து, அந்தப் பெண்கள் எங்கே வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். ஒற்றை அறைக் குடித்தனங்களில் அவருக்கு விடை கிடைத்தது. தானியம் இருந்தது, காய் இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை, பால் இல்லை. முஸ்லிம் ஏழைப் பெண்களிடம் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. அவர்கள் உணவுதான் எல்லாரையும்விடக் குறைவுபட்டிருந்தது. நோய் வந்தது கருப்பையிலிருந்து அல்ல, காலிச் சட்டியிலிருந்து!

குன்னூர் எலிகளும் கோஷா ஆஸ்பத்திரியும்

சந்தேகம் வேறு, சான்று வேறு. சான்று தேடி அவர் 1929-இல் நமது நீலகிரிக்கு வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு, எந்தச் சாப்பாட்டில் எலி கொழுக்கிறது, எதில் மெலிகிறது என்று பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், காய்கறி தின்ற எலிகள் தேறின. தீட்டிய அரிசியே கதியென்று இருந்த சென்னை மாகாண ஏழையின் சாப்பாட்டைத் தின்ற எலிகள் நோஞ்சானாயின. அந்தத் தட்டில் நம் முன்னோர்கள் தலையெழுத்தையே பார்க்கலாம்.

அங்கே லூஸி அம்மையார் பம்பாய்ப் பெண்களின் உணவைப் போன்ற உணவைக் கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது, செத்தன. அதே உணவோடு ஈஸ்ட் என்கிற நொதிப் பொருளைச் சேர்த்தார். எலிகள் பிழைத்தன. பிறகு குரங்குகளிடம் சோதித்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். திரை மறைவில் வாழ்ந்த பெண்கள் ஆண் டாக்டரிடம் போக மாட்டார்கள் என்பதற்காக 1885-இல் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரோடு அதே இடத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பிரசவம் பார்க்கிறது. குன்னூரும் திருவல்லிக்கேணியும் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

மருந்து எது? அப்போது அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர் ஈரலைத் தின்னக் கொடுத்து வேறொரு கொடிய சோகையைக் குணப்படுத்தியிருந்தார்கள். ஆனால் ஈரல் தினந்தோறும் வாங்க மில் கூலிப் பெண்ணுக்கு முடியுமா? லூஸி அம்மையார் எடுத்தது மார்மைட். பீர் ஆலைகளில் மிஞ்சிப் போகும் ஈஸ்டிலிருந்து செய்கிற, பசைபோன்ற, உப்புக் கரிக்கும் பண்டம். இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை மலிவு. அதைக் கொடுத்தார். வெளுத்த முகத்தில் சிவப்பு ஏறிற்று. சாகக் கிடந்த தாய்மார் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

மலிவான பொருளைத் தேடியதிலேயே அவர் மனம் தெரிகிறதல்லவா? பணக்காரன் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க ஆயிரம் பேர் உண்டு. கூலிக்காரி வாங்கக்கூடிய மருந்தைத் தேடியவர் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1934, 35-இல் இலங்கையில் மலேரியா கொள்ளை நோயாகப் பரவி மக்கள் மடிந்தபோது, சூரிய மல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் கிராமம் கிராமமாகச் சென்று பட்டினியில் வாடியவர்களுக்கு மார்மைட் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். விஞ்ஞானி கண்டதை மக்கள் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது அரசியல் ஊழியனின் வேலை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இலையின் பெயரில் ஒரு மருந்து

1937-இல் அம்மையார் மறுபடி பம்பாய் வந்தார். சுத்தம் செய்த ஈரல் சாறு இந்த நோயில் பயன்படவில்லை; சுத்தம் செய்யாத ஈரல் சாறும் ஈஸ்டும் பயன்பட்டன. ஆகவே இது ஈரலில் தெரிந்த பழைய மருந்து அல்ல, பெயரிடப்படாத புதிய சத்து என்று நிரூபித்தார். உலகம் அதற்கு வில்ஸ் காரணி என்று பெயர் வைத்தது.

1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் உள்ள பெயரை வைத்து ஃபோலிக் ஆஸிட் என்றார்கள். வில்ஸ் காரணி அதுவே என்று பின்னர் புலப்பட்டது. அதை ஆராய்ச்சிச் சாலையில் செய்து காட்டிய குழுவின் தலைவர் யார்? பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தியார் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனதால், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். அங்கே பெண் என்று பட்டம் மறுத்தார்கள். இங்கே கதர் என்று பட்டம் மறுத்தார்கள். மறுக்கப்பட்ட இருவரும் சேர்ந்தல்லவா உலகத்துத் தாய்மாருக்கு ஒரு மாத்திரையைத் தந்தார்கள்!

1991-இல் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. மூளையும் முதுகுத் தண்டும் சரியாக மூடாமல் பிள்ளை பிறக்கும் குறை உண்டு. அத்தகைய பிள்ளை பெற்ற தாய்மார், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆஸிட் சாப்பிட்டால், அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் அந்தத் தண்டு மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைப் பெண் உணருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மாத்திரை தொடங்க வேண்டும்.

வெயில் இருந்தும் எட்டாத சத்து

கோஷா ஆஸ்பத்திரியைச் சொன்னோம். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு கொடுமை இருந்தது. வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி உண்டாவதில்லை. அது இல்லாவிட்டால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஏறாது. எலும்பு மெத்தென்றாகி இடுப்பு வளையும். பிள்ளை வெளியே வர வழி இராது. தாயும் சேயும் சாவார்கள். வட இந்தியாவில் திரையிட்ட வீடுகளில் இது சாதாரணமாக நடந்தது.

இன்று திரை விலகிவிட்டதே, நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் லக்னோவில் 207 கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். நூற்றுக்கு 84 பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. பிறந்த குழந்தைகளின் தொப்புள் கொடி இரத்தத்திலும் அதே பற்றாக்குறை. தாயிடம் இல்லாதது சேய்க்கு எங்கிருந்து வரும்? கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். காலாப்பட்டுக் கரையில் மீன் உலர்த்திய பாட்டிக்கு அது கேளாமலே கிடைத்தது. பேத்தியோ விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலில்லாத கூடத்தில் குழல் விளக்கின் கீழ் நின்று, இருட்டிய பின் இறங்குகிறாள். அன்று திரை துணியால் ஆனது. இன்று திரை ஷிப்டால் ஆனது!

இந்தச் சத்துக் குறைந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, சுண்ணாம்புச் சத்து இறங்கி வலிப்பு வரலாம். பின்னால் கால் வளையலாம். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு. அதனால்தான் பச்சிளங் குழந்தைக்கு முதல் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 400 அலகு சொட்டு மருந்தாகக் கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் சொல்கிறது. சத்துக் குறைந்த கர்ப்பிணிகளிடம் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, எடை குறைந்த பிள்ளை ஆகியவை அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை கொடுத்துவிட்டால் இவை அனைத்தும் நின்றுவிடுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. லூஸி அம்மையாரைப்போல் சான்று கண்ட பின்னரே முடிவு சொல்வது விஞ்ஞானத்தின் நேர்மை. அந்த நேர்மையை நாமும் மதிப்போம். ஆனால் கர்ப்பிணிக்கு 14-ஆம் வாரத்திலிருந்து பிரசவித்த ஆறு மாதம் வரை தினம் இரண்டு கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது 2014-இல் மத்திய சர்க்கார் வகுத்த நெறி. அதில் ஒவ்வொன்றிலும் 250 அலகு வைட்டமின் டி உண்டு. கேட்டு வாங்குவது உரிமை.

கடைசி நாட்கள்

யுத்த காலத்தில் லண்டனில் குண்டுகளுக்கு நடுவே ஆஸ்பத்திரி வேலை பார்த்தார் லூஸி அம்மையார். 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி மீதே குண்டு விழுந்தது. 1947-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் சாய்வு நாற்காலியா? ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று ஏழை நாடுகளில் தாய்மாரின் உணவையும் சோகையையும் ஆராயப் போனார். ஊரில் இருந்தபோது தொழிற் கட்சியின் சார்பில் செல்சீ நகரசபை உறுப்பினராகப் பணியாற்றினார். இரத்தத்தில் என்ன குறை என்று தேடிப் போனவர், சமுதாயத்தில் என்ன குறை என்ற இடத்தில் வந்து நின்றார். வழி அதுதான், வேறு வழி இல்லை. மணம் செய்துகொள்ளவில்லை. ஆடம்பரம் இல்லை; சைக்கிளில் வேலைக்குப் போவது அவர் வழக்கம். 1964 ஏப்ரல் 16-இல் காலமானார்.

தோழர்களே, நம் வீட்டில்?

அவர் போன பிறகு என்ன ஆயிற்று? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கில், இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் சோகையோடு இருந்தார்கள். இரண்டில் ஒருத்தி! மருந்து கண்டுபிடித்து ஒரு தலைமுறையா ஆகிறது? மாத்திரை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. பிறகும் இந்த வெளிறிய முகங்கள் ஏன்?

கூலி போதவில்லை என்பது ஒரு காரணம். அதற்குப் போராடத் தெரிந்தவர்கள் நாம். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுடப்பட்டு மாண்ட மண் இது. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்க வைத்த மண் இது. பிரசவ விடுப்பும், ஆலையில் குழந்தைக் காப்பகமும், கர்ப்பிணிக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்கும், பகல் இடைவேளையில் சற்று வெயிலில் நிற்க இடமும் நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் மேலே ஏற வேண்டும். கடைசி வரியில், இடம் மிஞ்சினால் எழுதும் கோரிக்கையாக இருக்கக் கூடாது.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் நமக்குச் சுடும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார்? குழம்பில் மிதந்த மீன் துண்டு யார் தட்டுக்குப் போகிறது? கீரையை அவள் ஆய்கிறாள். முட்டையை அவள் வேக வைக்கிறாள். சட்டியைச் சுரண்டித் தின்கிறவளும் அவளே. மேடையில் முதலாளியின் சுரண்டலைப் பேசிவிட்டு வந்து, வீட்டில் இந்தச் சுரண்டலைப் பார்த்தும் பாராமல் கையலம்பி எழுந்திருப்பது நியாயமா? பம்பாயின் ஒற்றை அறைகளில் லூஸி அம்மையார் கண்ட காலிச் சட்டி நம் அடுப்பங்கரையிலும் இருக்கலாம். கர்ப்பிணி முதலில் சாப்பிடட்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை.

மாத்திரை சாப்பிடுவதிலும் முறை உண்டு. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே வேளையில் சாப்பிட்டாலும் சேராது; இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டுப் பார்க்கலாம், டாக்டரிடம் சொல்லலாம். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்பது கணக்கு.

இன்றிரவு கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தச் சிவப்பு அட்டையைத் தேடி எடுங்கள். எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை நீங்களே மொண்டு கொடுங்கள்.